மீண்டும் படிக்கக் கிளம்புகிறவர்கள் தடுக்கி விழும் இடங்கள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டுக்குப் பின்வரிசையில் ஒரு அக்கா இருக்கிறார். பிறையில் ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாக வேலை, இப்போது தன் பகுதியில் முப்பது பேரைக் கவனித்துக்கொள்கிறார். ஐந்தாம் படிவத்தில் எழுதும் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் மலாய்மொழி போய்விட்டதால் அதோடு படிப்பும் நின்றுபோனது. போன வருடம் என்னிடம், "இனிமே படிக்கணும்னா அஞ்சாம் படிவத்துல இருந்துதானே தம்பி ஆரம்பிக்கணும், என் மகன் வயசுப் பிள்ளைங்களோட போய் எப்படி உக்கார்றது?" என்று கேட்டார். இதே கேள்வியை கோலாலம்பூரில் செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் இருக்கிற உறவுக்காரர்களும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். படிப்பை எங்கே விட்டோமோ அங்கேயேதான் போய் நிற்க வேண்டும் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். எனக்குத் தெரிந்து இதைவிடப் பெரிய தவறு இல்லை, ஏனென்றால் இந்த நினைப்பினாலேயே பாதிப் பேர் கிளம்புவதே இல்லை.

உண்மை என்னவென்றால், வேலை அனுபவத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு மேல்படிப்புக்குள் விடுகிற வழி மலேசியாவில் இருக்கிறது. அதற்குப் பெயர் ஏபெல், நடத்துவது எம்.கியூ.ஏ. என்கிற மலேசியத் தகுதி முகமை. 21 வயது நிறைந்து, படிக்கப்போகிற துறையில் வேலை அனுபவமும் இருந்தால் இளங்கலைப் படிப்புக்கே முயலலாம். டிப்ளோமாவுக்கு 20 வயது, சான்றிதழ்ப் படிப்புக்கு 19, முதுகலைக்கு 30. வயது இருந்தால் மட்டும் இடம் கிடைத்துவிடாது. ஒரு தேர்வு எழுத வேண்டும், நீங்கள் செய்துவந்த வேலைக்கான சான்றுகளைத் தொகுத்துக் கொடுக்க வேண்டும். பினாங்கிலேயே வவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2007லிருந்து வேலைக்குப் போகிறவர்களைத்தான் முக்கியமாகச் சேர்த்துக்கொண்டு வருகிறது. யூ.எஸ்.எம். (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) தொலைதூரக் கல்வியை 1971லேயே தொடங்கிவிட்டது. ஓ.யூ.எம். (மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) இருக்கிறது. வழி இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் ஏபெல் தெரிந்தவர்கள் நேர் எதிரான இன்னொரு தவறைச் செய்கிறார்கள். ஏபெல் வாங்கிவிட்டால் எஸ்.பி.எம். வாங்கியது மாதிரிதான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. அது அந்தப் படிப்புக்குள் நுழைய விடும், அவ்வளவுதான். உங்கள் எண்ணம் அரசாங்க வேலை என்றால், கையில் பட்டம் இருந்தாலும் எஸ்.பி.எம். மலாய்மொழியைக் கேட்பார்கள். தாதியர், வழக்கறிஞர், பொறியாளர் போன்ற தொழில்களில் அந்தந்தத் தொழில் வாரியம் தனியாக விதி வைத்திருக்கும், பல்கலைக்கழகம் சேர்த்துக்கொண்டது என்பதற்காக வாரியமும் ஏற்றுக்கொள்ளும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதனால் படித்து முடித்ததும் எந்த வேலைக்குப் போகப் போகிறீர்கள் என்பதை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, அங்கே என்ன கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் படிப்பைத் தேடுங்கள்.

மலாய்மொழிதான் தடை என்றால் அதைத் தனியாகவே சரிசெய்யலாம். மலாய்மொழிக்கும் வரலாற்றுக்கும் எஸ்.பி.எம். மறுதேர்வு இருக்கிறது, தனியார் வேட்பாளராகப் பதிந்து எழுதலாம். (2013லிருந்து வரலாறும் கட்டாயத் தேர்ச்சிப் பாடம், பழைய ஆட்கள் பலருக்கு இது தெரியாது.) பதிவு நாள் தேர்வுக்குப் பல மாதம் முன்னாடியே முடிந்துவிடும், தேர்வு நெருங்கும்போது விசாரித்தால் ஒரு வருடம் போய்விடும். அப்புறம், அண்ணன் படித்த பழைய புத்தகத்தைத் தூசி தட்டி எடுக்காதீர்கள். 2021 எஸ்.பி.எம்.மிலிருந்து புதிய பாடத்திட்டம், வினாத்தாளின் அமைப்பும் மாறிவிட்டது.

அடுத்து சான்றுகள். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், நம் ஆட்கள் அதிகம் இழப்பது இங்கேதான். பதினைந்து வருடம் வொர்க்ஷாப்பில் கியர்பாக்ஸ் இறக்கி ஏற்றியவரிடம் "என்ன ஆதாரம் இருக்கிறது?" என்று கேட்டால் கையை விரிப்பார். சம்பளச் சீட்டு இல்லை, முதலாளி கடிதம் இல்லை, பழைய முதலாளி கடையை மூடிவிட்டு எங்கேயோ போய்விட்டார். வேலை தெரியும், ஆனால் தெரியும் என்று காட்டக் காகிதம் இல்லை. ஏபெல்லுக்கு மட்டும் இல்லை, அரசாங்கத் திறன் மேம்பாட்டுத் துறையான ஜே.பி.கே. கொடுக்கிற எஸ்.கே.எம். திறன் சான்றிதழுக்கும் இதே கதைதான். எஸ்.கே.எம்.மை பயிற்சி மையத்தில் உட்கார்ந்து படித்துத்தான் வாங்க வேண்டும் என்றில்லை, பி.பி.டி. என்று ஒரு வழி இருக்கிறது, ஏற்கெனவே தெரிந்த வேலையைச் சான்றுகளோடு காட்டி மதிப்பீட்டில் தேறினால் சான்றிதழ் கிடைக்கும். வயரிங், வெல்டிங், சமையல், முடிதிருத்தம், தையல் என்று கைத்தொழில் செய்கிற நம்மவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். எஸ்.கே.எம். மூன்றாம் நிலைக்கு மேல் டிப்ளோமா நிலை வரைக்கும் இதே பாதையில் ஏறலாம். அதனால் படிக்கும் எண்ணம் இப்போது இல்லாவிட்டாலும் இன்றிலிருந்தே சேர்த்து வையுங்கள்: வேலை செய்யும்போது எடுத்த படங்கள், வேலைத்தாள்கள், கம்பெனி அனுப்பிய ஒருநாள் பயிற்சியின் சான்றிதழ், இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பட்டியல், வேலை மாறும்போது நீங்கள் என்ன வேலை செய்தீர்கள் என்று விவரமாக எழுதிய கடிதம். "நல்ல ஊழியர், கடுமையாக உழைத்தார்" என்று மட்டும் எழுதிக் கொடுக்கிற கடிதத்தால் ஒரு பயனும் இல்லை.

உள்ளே சேர்ந்த பிறகும் அனுபவத்துக்கு மதிப்பு உண்டு. அதைக் கேட்காமல் விடுவது இன்னொரு தவறு. ஏற்கெனவே உங்களுக்குத் தெரிந்த பாடத்துக்கு, படிப்பின் மொத்தக் கிரெடிட்டில் (பாடத்தின் அளவைச் சொல்லும் அலகு) 30 விழுக்காடு வரைக்கும் ஏபெல் வழியாகக் கிரெடிட் வாங்கலாம். 120 கிரெடிட் இளங்கலைப் பட்டத்தில் அது 36 கிரெடிட். காசும் மிச்சம், காலமும் மிச்சம். இதை அவர்களாக முன்வந்து சொல்வார்கள் என்று காத்திருக்காமல் முதல் நாளே கேளுங்கள்.

என் சொந்தத் தவறையும் சொல்லிவிடுகிறேன். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு தனியார் கல்லூரியில் 1,500 ரிங்கிட் முன்பணம் கட்டினேன். கல்லூரிக்கு அங்கீகாரம் இருந்தது. நான் சேர்ந்த படிப்புக்கு இல்லை. விண்ணப்பம் போட்டிருக்கிறோம், வந்துவிடும் என்றார்கள், நான் இருந்தவரை வரவில்லை, பணமும் திரும்பவில்லை. அங்கீகாரம் ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாகத் தருவது என்பது அதற்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது. எம்.கியூ.ஏ. இணையத்தளத்தில் மலேசியத் தகுதிப் பதிவேடு இருக்கிறது, காசு கட்ட வேண்டியதில்லை, யாரும் பார்க்கலாம். படிப்பின் முழுப் பெயர், எந்தக் கல்லூரி, முழுநேரமா தொலைநிலையா என்று எல்லாமே நீங்கள் சேரப்போவதோடு பொருந்துகிறதா என்று பார்த்த பிறகுதான் பர்ஸைத் திறக்க வேண்டும். "இன்னிக்குக் கட்டினாதான் கழிவு" என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள்.

நேரக் கணக்கு. மலேசியாவில் ஒரு கிரெடிட் என்பது 40 மணிநேரப் படிப்பு, அதில் வகுப்பும் அடக்கம், வீட்டில் படிப்பதும் அடக்கம். மூன்று கிரெடிட் பாடம் இரண்டு எடுத்தால் 240 மணிநேரம், 14 வாரத்தில் முடிக்க வாரத்துக்கு 17 மணிநேரம் வேண்டும். பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸில் 12 மணிநேர ஷிப்ட் பார்த்துவிட்டுப் பாலம் தாண்டி வீட்டுக்கு வருகிறவர் முதல் பருவத்திலேயே நான்கு பாடம் எடுத்தால் தாங்காது. உற்சாகத்தில் நான்கு எடுத்துத் தோற்று மனம் உடைந்து படிப்பை விட்டவர்களை எனக்குத் தெரியும். ஒன்றோ இரண்டோ எடுங்கள். ஷிப்ட் பட்டியலையும் தைப்பூசம், தீபாவளி, பிள்ளைகளின் தேர்வு எல்லாவற்றையும் ஒரே நாட்காட்டியில் குறித்துவிட்டு, அதன் மேல் பாடத் தேதிகளைப் போட்டுப் பாருங்கள்.

பண விஷயத்தில் பலர் கடைசியில்தான் விசாரிக்கிறார்கள். அரசாங்கத்தின் உயர்கல்விக் கடனான பி.டி.பி.டி.என். கடனுக்கு வயது வரம்பு 45. இ.பி.எஃப்.பில் இப்போது அக்காவுன் செஜாத்ரா என்று அழைக்கிற பகுதியிலிருந்து 55 வயதுக்குள் உங்கள் சொந்தப் படிப்புக்கும் எடுக்கலாம், பிள்ளைகளுக்கு மட்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அது உங்கள் முதுமைக்கான காசு, அதனால் கம்பெனி ஏதாவது தருமா என்று முதலில் அங்கே கேட்டுவிடுங்கள். வருமான வரியில் சொந்தப் படிப்புக் கட்டணத்துக்கு 7,000 ரிங்கிட் வரை விலக்கு உண்டு. முதுகலை, முனைவர் பட்டம் என்றால் எந்தத் துறையும் சரி, இளங்கலையும் அதற்குக் கீழும் என்றால் சட்டம், கணக்கியல், தொழில்நுட்பம் போன்ற சில துறைகளுக்குத்தான். தமிழ் இலக்கியத்தில் இளங்கலை படித்துவிட்டு அதற்கு விலக்கு கேட்டால் கிடைக்காது.

கடைசியாக ஒன்று, வீட்டுக்குச் சொல்லாமல் படிக்காதீர்கள். தேறினால் சொல்லிக்கொள்ளலாம் என்று ரகசியமாகச் சேர்கிறவர்கள் இருக்கிறார்கள், பெரும்பாலும் பெண்கள். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு ஒவ்வொரு வாரமும் ஒரு பொய் சொல்ல வேண்டியிருக்கும், இரண்டு மாதத்தில் படிப்பைவிட அந்தப் பொய்தான் பாரமாகிவிடும். முழுக் குடும்பத்துக்கும் சொல்ல முடியாவிட்டால் ஒருவருக்காவது சொல்லுங்கள், தேர்வன்று சமைக்கவும் பிள்ளையைப் பார்க்கவும் அந்த ஒருவர் வேண்டும். பின்வரிசை அக்கா தன் மகனிடம்தான் முதலில் சொன்னார். மறுதேர்வுக்கு இப்போது அவன்தான் அவருடைய மலாய்க் கட்டுரைகளைத் திருத்துகிறான்.