மனைக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் மண்ணையும் தண்ணீரையும் விசாரிப்பது எப்படி?

2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் ஆட்களைப் படகில் வைத்து மீட்டார்கள். அன்று மூழ்கிய வீடுகளில் பட்டா உள்ளவை, வங்கிக் கடன் பெற்றவை ஏராளம். 2023-ல் மிக்ஜாம் புயலின்போது பெரும்பாக்கம், வேளச்சேரியிலும் இதே கதைதான். பத்திரம் பார்க்கும் வக்கீல், நிலம் யாருடையது என்பதைச் சொல்வார். மழைத்தண்ணீர் எங்கே போகும், ஆறடிக்குக் கீழே என்ன மண், பக்கத்தில் எதைக் கொட்டி வைத்திருந்தார்கள் என்பதெல்லாம் அவர் வேலை இல்லை. அதை வாங்குகிறவர்தான் விசாரிக்க வேண்டும்.

இப்போது அந்தப் பொறுப்பு இன்னும் கூடிவிட்டது. 2024 ஜூலையில் தமிழ்நாட்டில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்ட, அதிகாரி இடத்தை வந்து பார்க்காமலேயே இணையத்தில் அனுமதி கிடைத்துவிடும். அலைச்சல் மிச்சம், நல்லதுதான். ஆனால் 'இந்த இடத்தில் கட்டலாமா' என்று கேட்க இடையில் ஒருவரும் இல்லை.

சென்னைப் புறநகரில் அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) தேடுபவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். முறை மற்ற ஊர்களுக்கும் பொருந்தும்.

படி 1: சர்வே எண்ணை வாங்குங்கள், சுற்றியுள்ள எண்களையும் பாருங்கள்

விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது கிராமத்தின் பெயர், சர்வே எண், உட்பிரிவு எண். இவை இருந்தால் தமிழக அரசின் நிலப்பதிவு இணையதளத்தில் பட்டா, அ-பதிவேடு (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் கிராமப் பதிவேடு), புல வரைபடம் (அந்த எண்ணின் எல்லைகளைக் காட்டும் படம்) மூன்றையும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். பலரும் பட்டாவில் விற்பவர் பெயர் இருக்கிறதா என்று பார்த்ததோடு நிறுத்திவிடுகிறார்கள். நமக்கு முக்கியம் மற்ற இரண்டும்தான்.

அ-பதிவேட்டில் நிலம் நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கா என்றிருக்கும். நஞ்சை என்றால் பாசன ஆதாரம் எது என்று தேடுங்கள். ஏரிப் பாசனம் என்றால் அந்த நிலம் ஒரு காலத்தில் ஏரியின் ஆயக்கட்டு. அதாவது கரைக்குக் கீழே, மதகு வழியாகத் தண்ணீர் தானாகவே இறங்கி வருகிற தாழ்வில் இருக்கிறது. நெல்லுக்கு அந்தத் தாழ்வுதான் வேண்டும். வீட்டுக்கு அதுவே வினை. பட்டா நிலம், சட்டப்படி விற்கலாம், ஆக்கிரமிப்பும் கிடையாது. ஆனாலும் தண்ணீர் வரும். புறநகரில் ஏமாற்றமே இல்லாமல் வாங்கி அவதிப்படுகிறவர்களில் பலர் இந்த வகை நிலத்தில் இருப்பவர்கள்தான்.

அடுத்து புல வரைபடம். ஓரங்களில் பக்கத்துச் சர்வே எண்கள் எழுதியிருக்கும். ஒவ்வொன்றையும் அ-பதிவேட்டில் போட்டுப் பாருங்கள். ஏரி, தாங்கல் (சிறு ஏரி), ஓடை, வாய்க்கால், கழுவெளி (சதுப்பு நிலம்) என்று எது வந்தாலும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் மனை இருக்கும் புலத்தின் குறுக்கே நீளமாக, ஒடுக்கமாக ஒரு உட்பிரிவு ஓடினால் அது வண்டிப்பாதையாக இருக்கலாம், ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்து வாய்க்காலாகவும் இருக்கலாம். அந்த எண்ணைத் தனியாகத் தேடினால் தெரிந்துவிடும். லேஅவுட் போட்டவர் அதைத் தார்ச்சாலையாக மாற்றியிருந்தாலும் தண்ணீருக்குப் பழைய வழிதான்.

பழைய சர்வே எண்ணையும் கேட்டு வாங்குங்கள். 1980-களில் நடந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிறகு எண்கள் பல மாறின. அதற்கு முந்தைய அ-பதிவேட்டில் நீர்நிலை என்றிருந்த இடம் இன்றைய பதிவேட்டில் பட்டாவாக நின்றால், அட்வான்ஸ் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு நல்ல வக்கீலைப் பாருங்கள். அனுமதி இல்லாமல் போட்ட மனைகளை முறைப்படுத்த 2017-ல் அரசு கொண்டுவந்த வரன்முறை விதிகளும் நீர்நிலையில் போட்ட மனைகளுக்கு இடம் தரவில்லை.

படி 2: பழைய படத்தைப் பாருங்கள்

கணினியில் கூகுள் எர்த்தைத் திறந்தால் கடிகாரம் போட்ட ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தி ஆண்டுகளைப் பின்னால் நகர்த்தலாம். சென்னையைச் சுற்றி 2000-ஐ ஒட்டிய படங்கள்கூடக் கிடைக்கின்றன. கோடைப் படத்தைப் பார்த்து ஒரு பயனும் இல்லை. நவம்பர், டிசம்பர், ஜனவரிப் படங்களைத் தேடுங்கள். மழை முடிந்தும் கரும்பச்சையாகவோ கருப்பாகவோ தெரிகிற திட்டு, தண்ணீர் நின்ற இடம். 2005-ல் திட்டு, 2010-ல் வெளிறிய மண் நிறம், 2014-ல் சாலைக் கோடுகள் என்று படங்கள் வரிசையாக மாறினால் பள்ளத்தில் மண் கொட்டி மனை போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இந்திய நில அளவைத் துறையின் இணையதளத்தில் 1:50,000 அளவு வரைபடங்களை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஏரிகள், கரைகள், ஓடைகள் எல்லாம் அதில் இருக்கும். உங்கள் இடத்துக்கு மேலே எந்த ஏரி, அதன் கலங்கல் (உபரி நீர் வழியும் இடம்) எந்தப் பக்கம் திறக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஏரி நிரம்பினால் உபரி நீர் அந்தப் பக்கம்தான் இறங்கும். சென்னைப் பெருநகரப் பகுதி என்றால் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) தளத்தில் கிராமத்தையும் சர்வே எண்ணையும் கொடுத்து நிலப் பயன்பாட்டு வகையையும் பார்த்துவிடலாம்.

பள்ளிக்கரணைப் பக்கம் வாங்குகிறவர்கள் இன்னும் ஒரு மடங்கு கவனமாக இருக்க வேண்டும். அந்தச் சதுப்புநிலத்தில் 1,247 ஹெக்டேருக்கு 2022-ல், முக்கியமான ஈரநிலம் என்ற சர்வதேச ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. தென் சென்னையின் மழைநீர் அங்கே வந்து தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போகிறது. அதன் விளிம்பில் கட்டுகிற ஒவ்வொரு வீடும் தானும் நனையும், மேலே உள்ளவர்களின் தண்ணீரையும் தடுக்கும். விலை எவ்வளவு குறைந்தாலும் நான் அங்கே வாங்கச் சொல்ல மாட்டேன்.

படி 3: மழை பெய்த மறுநாள் போங்கள்

தரகர் உங்களை ஏப்ரல், மே மாதத்தில் கூட்டிக்கொண்டு போவார். மறுபடி நவம்பரில், நல்ல மழை பெய்த மறுநாள் தனியாகப் போங்கள். பார்க்க வேண்டியவை இவை.

பக்கத்து வீடுகளின் காம்பவுண்ட் சுவரில் ஒரே மட்டத்தில் ஓடுகிற அழுக்குக் கோடு. மீட்டர் பெட்டியை ஆள் உயரத்துக்கு மேல் ஏற்றி வைத்திருக்கும் வீடுகள். சாலையிலிருந்து படி இறங்கி உள்ளே போகும் பழைய வீடுகளும், அதே தெருவில் ஏழெட்டுப் படி ஏறிப்போகும் புது வீடுகளும். காலி மனையில் சம்பும் கோரையும் முளைத்திருந்தால் அங்கே வருடத்தில் பல மாதம் ஈரம் நிற்கிறது.

அப்புறம், கல்வெர்ட். இதைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. பெரிய சாலையில் ஒரு சிறுபாலம் இருக்கிறதென்றால், சாலை போட்ட காலத்தில் அங்கே தண்ணீர் குறுக்கே ஓடியிருக்கிறது. பாலத்தின் இரு பக்கமும் இறங்கி நடந்து பாருங்கள். ஒரு பக்கம் கால்வாய், மறுபக்கம் சுவர் என்றிருந்தால், அந்தச் சுவருக்குப் பின்னால் உள்ள மனைகள்தான் கால்வாயின் பாதை.

டீக்கடைக்காரர், இஸ்திரி போடுகிறவர், பால் ஊற்றுகிறவர் ஆகியோரிடம் பேச்சுக் கொடுங்கள். "இங்க தண்ணி நிக்குமா?" என்று கேட்டால் "அதெல்லாம் இல்லைங்க" என்ற பதில் சுலபமாக வந்துவிடும். "2015-ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு, எத்தனை நாள்ல வடிஞ்சுது?" என்று கேளுங்கள். முழங்கால், இடுப்பு, ஜன்னல் என்று கையாலேயே காட்டிவிடுவார்கள்.

அந்த அளவை உங்கள் மனைக்குக் கொண்டுவர மேஸ்திரிகள் வைத்திருக்கும் டியூப் லெவலே போதும். கண்ணாடி போலத் தெரியும் மெல்லிய குழாயில் தண்ணீர் நிரப்பி, காற்றுக் குமிழி இல்லாமல் பார்த்துக்கொண்டு, ஒரு முனையைப் பக்கத்து வீட்டுச் சுவரின் வெள்ளக் கோட்டில் பிடியுங்கள். மறுமுனையை உங்கள் மனையில் நட்ட கம்பத்தில் ஒருவர் பிடிக்கட்டும். முதல் முனையில் தண்ணீர் அந்தக் கோட்டில் நிற்கும்படி சரிசெய்தால், மறுமுனையிலும் அதே மட்டத்தில் நிற்கும். அங்கே ஒரு கோடு போட்டு, தரையிலிருந்து எத்தனை அடி என்று அளந்துகொள்ளுங்கள். நாளைக்கு வீட்டின் தரைமட்டம் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும். ஒன்றிரண்டு அடி என்றால் சமாளிக்கலாம். நாலைந்து அடி என்றால் வேறு இடம் பாருங்கள். அவ்வளவு உயரம் மண் கொட்டி நீங்கள் தப்பித்தாலும், அந்தத் தண்ணீர் பக்கத்துத் தாழ்வான வீட்டுக்குள் போய் நிற்கும்.

லேஅவுட் மனை என்றால் புரமோட்டரிடம் நீர்வளத் துறை கொடுத்த வெள்ளப் பாதிப்புத் தடையின்மைச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். எவ்வளவு உயரம் மண் நிரப்ப வேண்டும், எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்ற நிபந்தனைகள் அதில் இருக்கும். விளம்பரத்தில் இல்லாத பல விஷயங்களை அந்தத் தாள் சொல்லிவிடும்.

படி 4: மண்ணைத் தோண்டிப் பாருங்கள்

விற்பவரின் சம்மதத்தோடு ஆள் வைத்து நாலடிக் குழி ஒன்று எடுங்கள். செங்கல் துண்டு, கேரி பேக், டைல்ஸ் உடைசல் வந்தால் கொட்டிய மண். அதன் மேல் நேரடியாக அஸ்திவாரம் போட்டால் வீடு சீராக இறங்காது, ஒரு மூலை மட்டும் இறங்கிச் சுவர் விரியும்.

கோயம்புத்தூர், விருதுநகர், தூத்துக்குடிப் பக்கம் கரிசல் மண் இருக்கிற இடங்களில் வேறு பிரச்சினை. கரிசல் மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். எவ்வளவு உப்பும் என்று அறிய ஆய்வகத்தில் எளிய சோதனை ஒன்று செய்வார்கள். காய்ந்து பொடித்துச் சலித்த மண்ணைப் பத்துப் பத்துக் கிராம் எடுத்து, அளவுக் குடுவை ஒன்றில் தண்ணீரிலும் இன்னொன்றில் மண்ணெண்ணெயிலும் போட்டு 24 மணி நேரம் விடுவார்கள். மண்ணெண்ணெயில் மண் உப்பாது, தண்ணீரில் உப்பும். தண்ணீரில் உள்ளது மண்ணெண்ணெயில் உள்ளதைப் போல இரண்டு மடங்கு உயரம் வந்தால் நூறு சதவீதம் உப்புகிறது என்று கணக்கு. ஐம்பதுக்குக் கீழே பெரிய கவலை இல்லை. நூறைத் தாண்டினால் சாதாரண அஸ்திவாரம் நிற்காது, பொறியாளர் சொல்லும் பைல் அஸ்திவாரத்துக்கு (ஆழமாக இறக்கும் தூண்கள்) பட்ஜெட் ஒதுக்க வேண்டும்.

வீடு கட்டுவது உறுதியானால் முறையான மண் பரிசோதனை செய்துவிடுங்கள். துளையிட்டு, 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, கடைசி 30 செ.மீ. இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவார்கள். அதுதான் அறிக்கையில் வரும் 'N' மதிப்பு. நாலுக்குக் கீழே என்றால் மிகவும் தளர்ந்த மண், முப்பதுக்கு மேல் என்றால் கெட்டி. நிலத்தடி நீர் எத்தனை அடியில் வந்தது என்பதையும் அதே அறிக்கையில் பாருங்கள்.

படி 5: கண்ணுக்குத் தெரியாத கழிவு

ராணிப்பேட்டையில் குரோமேட் ஆலை ஒன்று 1990-களில் மூடப்பட்டது. அதன் கழிவுக் குவியல் பல பத்தாண்டுகள் அங்கேயே கிடந்தது, நிலத்தடி நீரில் குரோமியம் கலந்தது. ஆலை மூடிவிட்டார்களே என்று நிம்மதி அடைய முடியாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். தோல் பதனிடும் ஊர்கள், சாயப்பட்டறை ஊர்கள், குப்பைக் கிடங்கு, பழைய தொழிற்பேட்டை, பெட்ரோல் பங்க் இவற்றுக்குப் பக்கத்தில் மனை என்றால் பக்கத்துக் கிணற்று நீரையோ போர் நீரையோ சோதிக்காமல் வாங்காதீர்கள்.

குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் ஆய்வகங்கள் உண்டு. சாதாரணப் பரிசோதனையில் உப்பு, கடினத்தன்மை, புளோரைடு, நைட்ரேட் மாதிரிதான் வரும். குரோமியம், ஈயம் போன்ற உலோகங்களை வேண்டும் என்று தனியாகச் சொன்னால்தான் பார்ப்பார்கள். குப்பை கொட்டி மூடிய இடமாக இருந்தால் மண்ணுக்கு அடியில் மீத்தேன் உருவாகிக்கொண்டே இருக்கும். அங்கே வீடே வேண்டாம்.

படி 6: கடல், மலை, காடு, கம்பி

கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் நீர் ஏறும்போது எட்டும் எல்லை) 500 மீட்டருக்குள் என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் வரும். கழிமுகம், உப்பங்கழி ஓரங்களுக்கும் வரும். மாவட்டக் கடலோர மேலாண்மை வரைபடத்தில் உங்கள் சர்வே எண் எந்த வகையில் இருக்கிறது என்று பார்த்தால் போதும்.

மலை ஊர்களில் ஹாக்கா எனப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் கிராமம் இருக்கிறதா என்று பாருங்கள். அனுமதி கிடைத்தாலும் சரிவை நீங்களே பார்க்க வேண்டும். 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலையிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து வீட்டுக்குள் ஏழு பேர் இறந்தார்கள். அடிவாரத்தில் சாய்ந்து வளைந்த மரங்கள், புதிதாகச் சுவரில் வரும் விரிசல், திடீரென்று கசியும் ஊற்று இருந்தால் விலகிவிடுங்கள். இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் நிலச்சரிவு வாய்ப்பு வரைபடங்களை இணையத்தில் வைத்திருக்கிறது.

காட்டோரம் என்றால் யானை வழித்தடமா என்று வனத்துறையிடம் கேளுங்கள். நீலகிரியின் சேகூர் வழித்தடத்தில் கட்டிய விடுதிகள் பற்றிய வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் யானைகள் பக்கம் நின்றது.

மேலே மின்கம்பி போனால், 11 கிலோவோல்ட்டுக்குக் கட்டடத்திலிருந்து பக்கவாட்டில் 1.2 மீட்டர், 33-க்கு 2 மீட்டர், அதற்கு மேலும் கூடிக்கொண்டே போகும். மாடி எழுப்பும் எண்ணம் இருந்தால் இதை இப்போதே அளந்துவிடுங்கள்.

எதை முதலில் செய்வது?

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. முதல் இரண்டு படிகளுக்குச் செலவே இல்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அதில் தேறாத மனையைப் போய்ப் பார்க்கவே வேண்டாம். தேறினால் மூன்றாவது படி. மண், நீர் பரிசோதனைக்குப் பணம் செலவாகும் என்பதால் அவற்றை விலை பேசி முடித்தபின், அட்வான்ஸுக்கு முன் வைத்துக்கொள்ளுங்கள். விற்பவர் அவசரப்படுத்தினால், "பரிசோதனை முடிவு சரியில்லையென்றால் அட்வான்ஸ் முழுதும் திரும்பத் தரப்படும்" என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அந்த மனையை விட்டுவிடுங்கள்.