பழைய ஆம்புலன்ஸை விற்பதும் மாற்றிக்கொள்வதும்: பிரிட்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

பிரிட்டனில் ஒரு கோடைக்காலம் கழிந்தாலே உள்ளேயே படுத்துச் சமைத்துத் தங்கும் கேம்பர் வண்டி ஆசை வந்துவிடும். வேல்ஸில் இருக்கும் ஸ்கந்தவேல் முருகன் கோயிலுக்கு லண்டனிலிருந்து ஒரு வழிக்கே இருநூறு மைலுக்கு மேல். குழந்தைகளோடு போய்த் தங்கிவர ஓட்டல் செலவு கட்டுப்படியாகாது. புதிய கேம்பர் வாங்க நினைத்தால் விலையைக் கேட்டதும் தூக்கம் போய்விடும். அப்போதுதான் யாராவது சொல்வார்கள்: ஓய்வுபெற்ற ஆம்புலன்ஸ் ஒன்றை ஏலத்தில் எடுத்து உள்ளே கட்டில் போட்டுவிடலாமே என்று.

யோசனை நல்லதுதான். ஆனால் நம்மில் பலர் வாங்கிய வேகத்தில் விற்கவும் வேண்டியிருக்கிறது. வேலை வேறு ஊருக்கு மாறும், வாடகை வீடு மாறும், நிறுத்த இடம் இருக்காது. விற்கும்போது எங்கே தடுமாறுகிறோம், எதைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். வாங்கப்போகிறவர்களுக்கும் இது உதவும்.

முதலில் என் கதை. நான் ஏலத்தில் எடுத்தது மெர்சிடிஸ் ஸ்பிரின்டர், பின்பக்கம் பெரிய பெட்டி உடல். எஞ்சின் சத்தம் கேட்டேன், டயர் பார்த்தேன், துரு இருக்கிறதா என்று கீழே படுத்தும் பார்த்தேன். எடையைப் பார்க்கவில்லை. அது 5,000 கிலோ வண்டி. என்னிடம் இருந்ததோ இங்கே தேர்வு எழுதி எடுத்த பி வகை லைசென்ஸ். அதில் 3,500 கிலோ வரைதான் ஓட்டலாம். ஐந்து மாதம் வீட்டு வாசலிலேயே நின்றது.

கடைசியில் ஹாரோ பக்கம் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் வந்து பார்த்தார். கதவைத் திறந்து, கதவோரத் தூணில் அடித்திருந்த எடைத் தகட்டைத் தேடிக் காட்டினார். "தம்பி, நீங்கள் எஞ்சினைப் பாத்து வாங்கியிருக்கிறியள். தகட்டைப் பாக்கேல்லை." அவர் எண்பதுகளில் இங்கே லைசென்ஸ் எடுத்தவர். அவரிடம் 3,500 கிலோவுக்கு உட்பட்ட ஃபியட் டுகாட்டோ ஒன்று இருந்தது. நோயாளிகளை மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்வந்த வண்டி. அதையும் கொஞ்சம் பணத்தையும் கொடுத்து என் வண்டியை எடுத்துக்கொண்டார். இருவருக்கும் திருப்தி.

அவரால் ஓட்ட முடிந்ததற்குக் காரணம் ஒரு தேதி. 1997 ஜனவரி 1க்கு முன் இங்கே கார் தேர்வில் தேறியவர்களுக்கு சி1 வகை தானாகவே கிடைத்தது. 7,500 கிலோ வரை ஓட்டலாம். அதற்குப் பின் தேறியவர்கள் சி1க்குத் தனியாக மருத்துவப் பரிசோதனை, எழுத்துத் தேர்வு, ஓட்டுநர் தேர்வு எல்லாம் முடிக்க வேண்டும். பழைய லைசென்ஸ்காரர்களுக்கும் 70 வயதில் சி1 தானாகப் புதுப்பிக்கப்படாது, மருத்துவர் சான்று வேண்டும். இந்திய, இலங்கை லைசென்ஸோடு வந்தவர்கள் குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் அதை வைத்து ஓட்டலாம்; ஆனால் சிறிய வண்டிகளை மட்டும். ஊரில் லாரி ஓட்டியவர் என்றாலும் 5 டன் ஆம்புலன்ஸை இங்கே அந்த லைசென்ஸில் எடுக்கக் கூடாது. அந்த லைசென்ஸை இங்கே நேராக மாற்றியும் தரமாட்டார்கள், தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும். பி லைசென்ஸில் 4,250 கிலோ வரை ஓட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். அது மின்சார வண்டி போன்ற புகையில்லாத வண்டிகளுக்கான சலுகை, பழைய டீசல் ஆம்புலன்ஸுக்கு இல்லை.

அதனால் விளம்பரத்தின் முதல் வரியிலேயே மொத்த எடையை, அதாவது ஆளும் சாமானும் ஏற்றி வண்டி இருக்கக்கூடிய உச்ச எடையை, எழுதுங்கள். தகட்டில் மேலே இருக்கும் முதல் எடைதான் அது. உங்களுக்கு வரும் பாதித் தொலைபேசி அழைப்புகள் அதிலேயே வடிகட்டப்பட்டுவிடும். 3,500க்குக் குறைத்துப் பதிவு செய்துகொள்ளலாமே என்று வாங்குபவர் கேட்டால், முடியும் என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். பெட்டி உடல் ஆம்புலன்ஸ் காலியாகவே கனமானது. கட்டில், தண்ணீர்த் தொட்டி, நாலு பேர், அரிசி மூட்டை எல்லாம் ஏறினால் அந்த எல்லை தாண்டிவிடும். பொது எடைமேடையில் ஒருமுறை நிறுத்தி, சீட்டை வாங்கி விளம்பரத்தோடு போடுங்கள். சில பவுண்டுகளில் கிடைக்கும் அந்தச் சீட்டைவிட நம்பிக்கை தரும் காகிதம் வேறில்லை.

விற்கும் முன் கழற்ற வேண்டியவை

நீல விளக்கு. இதில் சமரசமே கூடாது. 1989ஆம் ஆண்டின் வாகன விளக்கு விதிகளின்படி அவசர வாகனம் அல்லாத எதிலும் நீல எச்சரிக்கை விளக்கு பொருத்தியிருக்கக் கூடாது, அது எரிகிறதா இல்லையா என்பது பொருட்டே அல்ல. ஒயரை வெட்டிவிட்டேன், துணியால் மூடிவிட்டேன் என்பதெல்லாம் செல்லாது. கூரையில் இருப்பது, முன் கிரில்லில் இருக்கும் குட்டி விளக்குகள், பின் மூலைகளில் இருப்பவை எல்லாவற்றையும் கழற்றி ஓட்டைகளைத் தண்ணீர் புகாதபடி அடையுங்கள். சைரனும் அப்படித்தான்.

பக்கத்தில் ஒட்டியிருக்கும் மஞ்சள் பச்சைக் கட்டங்களையும் 'ஆம்புலன்ஸ்' என்ற எழுத்தையும் உரித்துவிடுங்கள். ஹேர் டிரையர் சூட்டில் மெதுவாக வரும், இரண்டு நாள் வேலை. விபத்து நடந்த இடத்தில் உங்கள் வண்டியைப் பார்த்து ஒருவர் உதவி வந்துவிட்டது என்று நம்பினால், அவருடைய நிலைமை என்ன? அதற்காகவேனும் உரிக்க வேண்டும்.

உள்ளே ஒவ்வொரு இழுப்பறையையும் தடித்த கையுறை போட்டுக்கொண்டு பாருங்கள். இருக்கையின் இடுக்கில் ஊசி கிடக்கலாம். குழந்தைகளை அதற்கு முன் உள்ளே ஏற்றவே வேண்டாம்.

எதையெல்லாம் கழற்றக் கூடாது என்பதும் முக்கியம், ஏனென்றால் கேம்பர் கட்டுபவர்கள் ஆம்புலன்ஸைத் தேடுவதே அதற்காகத்தான். சுவரில் வெப்பக்காப்பு, வழுக்காத தரை, கூரைக் காற்றோட்டி, கூடுதல் பேட்டரி, ஓடும்போதே அதை ஏற்றும் அமைப்பு, வெளியிலிருந்து வீட்டு மின்சாரம் செருகும் பிளக், சில வண்டிகளில் டீசல் ஹீட்டர். இவற்றை ஒவ்வொன்றாகப் படம் எடுத்துப் போடுங்கள். வேலை செய்கிறதா என்று நீங்களே போட்டுப் பார்த்த பிறகு எழுதுங்கள்.

மைல் கணக்கை மட்டும் காட்டி விலை சொல்வது சரியில்லை. ஆம்புலன்ஸ் பல மணி நேரம் எஞ்சின் ஓடியபடியே நிற்கும் வண்டி. மீட்டரில் ஏறாத உழைப்பு எஞ்சினில் ஏறியிருக்கும், புகை வடிகட்டியும் அடைத்திருக்கலாம். சாவியை எடுத்த பிறகும் எஞ்சினை ஓடவிடும் ஒரு பொத்தானும் பல வண்டிகளில் இருக்கும். அது எங்கே, எப்படி வேலை செய்கிறது என்று வாங்குபவருக்குக் கையோடு காட்டிக்கொடுங்கள். தெரியாமல் தொட்டுவிட்டுப் பயந்துபோனவர்களை எனக்குத் தெரியும்.

லண்டன்காரர்களுக்கு

அதிகப் புகை விடும் வண்டிகளுக்குக் கட்டணம் வாங்கும் யூலெஸ் எல்லை 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா பரோக்களையும் (நகராட்சிப் பகுதிகளையும்) சேர்த்துவிட்டது. டீசல் வண்டி யூரோ 6 என்ற புகைத் தரத்தில் இல்லாவிட்டால் நாளுக்கு 12.50 பவுண்டு. 3,500 கிலோவைத் தாண்டிய வண்டி வேறொரு கணக்கில் வரும். அதில் தரம் குறைந்தால் நாளுக்கு 100 பவுண்டு அல்லது அதற்கும் மேல். ஈஸ்ட் ஹாமில் நிற்கும் பழைய ஆம்புலன்ஸை வேல்ஸ்காரருக்கோ ஸ்காட்லாந்துக்காரருக்கோ விற்பது எளிது என்பதற்கு இதுதான் காரணம். லண்டன் போக்குவரத்துத் துறையின் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் உடனே தெரிந்துவிடும்.

காகிதங்கள்

ஆம்புலன்ஸாக ஓடும்வரை வண்டிக்குச் சாலை வரி விலக்கு உண்டு. உங்கள் கைக்கு வந்ததும் அந்த விலக்கு போய்விடும். வரி வகையை மாற்றி, பணம் கட்டிய பிறகுதான் சாலையில் இறக்கலாம். வரி வண்டியோடு அடுத்தவருக்குப் போகாது என்பதையும் வாங்குபவரிடம் சொல்லுங்கள். அவர் அன்றே வரியும் காப்பீடும் எடுத்த பிறகே ஓட்டிப்போக முடியும். காப்பீட்டு நிறுவனத்திடம் இது பழைய ஆம்புலன்ஸ் என்றும், உள்ளே மாற்றம் நடக்கிறது என்றும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

வண்டி வகையை 'மோட்டார் கேரவன்' என்று மாற்றித்தருவதாக வாக்குக் கொடுக்காதீர்கள். வண்டிப் பதிவையும் லைசென்ஸையும் கவனிக்கும் டிவிஎல்ஏ அலுவலகம், உள்ளே கட்டில், மேசை, அடுப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதில்லை. சாலையில் பார்த்தாலே கேம்பராகத் தெரிய வேண்டும். பக்கத்து ஜன்னல்கள், வெளியே விரியும் கூடாரத்தின் கம்பி, கேரவன் பாணி ஒட்டுப்படங்கள் என்று பட்டியல் வைத்திருக்கிறார்கள். நன்றாகக் கட்டிய வண்டிக்கே 'ஜன்னல் வைத்த வேன்' என்று பதில் வருவது சகஜம்.

இருவரும் வண்டியை மாற்றிக்கொள்வது என்றால் அதை இரண்டு விற்பனையாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பதிவுப் புத்தகம், இரண்டு ரசீது, இரண்டு காப்பீடு. வி5சி என்கிற அந்தப் புத்தகம் உரிமைப் பத்திரம் அல்ல, வண்டிக்குப் பொறுப்பாளர் யார் என்றுதான் அது சொல்லும். அதனால் எதிர்த்தரப்பு வண்டியின் மேல் கடன் பாக்கி இருக்கிறதா என்று காசு கட்டிப் பார்த்துவிடுங்கள். எம்ஓடி என்கிற வருடாந்திர வண்டிச் சோதனையின் வரலாறு அரசு தளத்தில் இலவசம். மேல்பணம் வங்கியில் வந்துவிட்டது என்று உங்கள் ஆப்பில் நீங்களே பார்க்கும்வரை சாவியைக் கொடுக்காதீர்கள். அனுப்பிவிட்டேன் என்று காட்டும் மின்னஞ்சலும் ஸ்கிரீன்ஷாட்டும் பணம் ஆகாது.

தனிநபர் விற்பனையில் 2015 நுகர்வோர் சட்டம் வியாபாரிக்கு வைக்கும் பொறுப்புகள் உங்களுக்கு முழுதாக வராது. ஆனால் பொய்யாகச் சொல்லி விற்றால் சட்டம் உங்களை விடாது. தெரிந்த குறையை எழுத்தில் கொடுங்கள், அது உங்களுக்கே பாதுகாப்பு.

இப்போது நான் மிகவும் கவலைப்படும் விஷயம். ஒரு வண்டியில் லாபம் வந்ததும் இன்னொன்று எடுத்து விற்கலாம் என்று தோன்றும். மாணவர் விசாவில் இருப்பவர் சுயதொழில் செய்யவே கூடாது. ஸ்கில்டு ஒர்க்கர் விசாவிலும் இதற்கு இடமில்லை. சொந்த உபயோகத்துக்கு வாங்கிய வண்டியை விற்பது வேறு, லாபத்துக்காகத் திரும்பத் திரும்ப வாங்கி விற்பது வேறு. பின்னது வியாபாரம். சில நூறு பவுண்டுக்காக விசாவைப் பணயம் வைக்காதீர்கள் தம்பி, தங்கச்சி. ஆசை இருந்தால் முதலில் குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள்.

கைமாறும் நாளில், வாங்குபவர் முன்னாலேயே டிவிஎல்ஏ தளத்தில் விற்பனையைப் பதிவு செய்யுங்கள், பதிவுப் புத்தகத்தில் இருக்கும் பச்சைச் சீட்டை மட்டும் அவரிடம் கொடுங்கள். சொல்லாமல் விட்டால் 1,000 பவுண்டு வரை அபராதம், அவர் வாங்கும் கேமரா அபராதங்களும் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். மீட்டரையும் நேரத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மீதமுள்ள முழு மாதங்களின் வரி காசோலையாகத் திரும்பி வரும். அது பதிவுப் புத்தகத்தில் இருக்கும் முகவரிக்குத்தான் போகும். இடையில் வீடு மாறியிருந்தால் விற்கும் முன்பே முகவரியை மாற்றிவிடுங்கள்.