எழுத்துருவை மாற்றுவதற்கு முன்னால்: தமிழ்க் கோப்புகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய தமிழ்க் கோப்பைத் திறந்தால் திரை முழுக்க அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள். உடனே எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து லதா, நிர்மலா, நோட்டோ என்று ஒவ்வொரு எழுத்துருவாகப் போட்டுப் பார்ப்பார்கள். எதைப் போட்டாலும் தமிழ் வராது.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புக்குள் தமிழே இருக்காது. சேமிக்கப்பட்டவை ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்கள்தான். அவற்றைத் தமிழ் வடிவில் வரைந்துகாட்டுவது மட்டுமே பாமினியின் வேலை. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று தட்டினால் பாமினியில் 'தமிழ்' என்று தெரியும். பாமினி இல்லாத கணினியில் அந்த ஐந்து குறிகளும் அப்படியே நிற்கும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் பொதுக் குறியீடான யூனிகோடில் தமிழுக்கென்றே தனி எண்கள் இருக்கின்றன. அதனால் அங்கே எழுத்துருவை மாற்றினால் தோற்றம் மட்டும் மாறும், எழுத்து மாறாது.

ஆகவே பாமினிக் கோப்புக்குத் தேவை குறியீட்டு மாற்றம், அதாவது உள்ளே இருக்கும் எண்களையே யூனிகோடு எண்களாக மாற்றுவது. என்எச்எம் கன்வெர்ட்டர், சுரதாவின் பொங்குதமிழ் போன்ற இலவசக் கருவிகள் இதற்கென்றே இருக்கின்றன. ஆனால் கோப்பு முழுவதையும் அப்படியே அள்ளிக் கொட்டி மாற்றாதீர்கள். நடுவில் இருக்கும் ஆங்கிலச் சொற்களும் சேர்ந்து மாறிவிடும்; மின்னஞ்சல் முகவரியில் இருக்கும் 'ஜிமெயில்' என்ற சொல் 'பஅயடை' என்று ஆகிவிடும். ஆங்கிலப் பகுதிகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மாற்றுங்கள். மூலக் கோப்பை அழிக்கவே அழிக்காதீர்கள்.

திரையில் என்ன தெரிகிறது என்பதை வைத்தே நோயைக் கண்டுபிடித்துவிடலாம். வெற்றுக் கட்டங்கள் தெரிந்தால், எழுத்துகள் பத்திரமாக இருக்கின்றன, அவற்றைக் காட்டும் எழுத்துரு மட்டும் இல்லை. ஒன்றை நிறுவினால் போதும். வரிசையாகக் கேள்விக்குறிகள் தெரிந்தால்தான் கவலைப்பட வேண்டும். நோட்பேடில் தமிழை எழுதி, என்கோடிங் என்ற இடத்தில் ஆன்சி என்ற, தமிழுக்கு இடமில்லாத பழைய குறியீட்டை வைத்துச் சேமித்தால் இப்படி ஆகும். எச்சரிக்கை வந்தும் பலர் சரி என்று அழுத்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகு எந்த எழுத்துருவும் அந்தத் தமிழைத் திருப்பித் தராது. எப்போதும் யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8 என்றே சேமியுங்கள்.

மேலே கொம்பும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால் கதை வேறு. யுடிஎஃப்-8 கோப்பை மென்பொருள் வேறு குறியீடாக நினைத்துப் படிக்கிறது. யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறி மூன்று பைட்டுகளில் சேமிக்கப்படுகிறது. அந்த மூன்றையும் தனித்தனி எழுத்துகளாக எண்ணிக் காட்டுவதால்தான் இந்தக் குழப்பம். சிஎஸ்வி கோப்பை (அட்டவணையைக் காற்புள்ளிகளால் பிரித்து வைக்கும் எளிய உரைக் கோப்பு) இரட்டைச் சொடுக்கில் எக்செலில் திறக்கும்போது இது அடிக்கடி நடக்கும். அந்த நிலையில் சேமிக்காமல் மூடிவிடுங்கள். டேட்டா மெனு வழியாக உள்ளே கொண்டுவந்து, யுடிஎஃப்-8ஐக் குறிக்கும் 65001 என்ற குறியீட்டைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் சரியாக வந்துவிடும்.

எழுத்து சின்னதாகத் தெரிகிறது என்று திரையின் ரெசல்யூஷனைக் குறைப்பதும் வேண்டாம், எல்லாமே மங்கிப்போகும். விண்டோஸ் 11இல் அணுகல்தன்மை அமைப்புகளுக்குள் எழுத்தின் அளவை மட்டும் 225 சதவீதம் வரை கூட்டிக்கொள்ளலாம்.

கண்ணுக்குத் தெரியாத தவறும் ஒன்று உண்டு. 'ஔ' என்று ஒரே எழுத்தாக அடிக்காமல் 'ஒ', 'ள' என்று இரண்டாக அடிப்பது. 'கௌ'வையும் இப்படியே ஒற்றைக் கொம்பும் 'ள'வும் சேர்த்து அடிப்பவர்கள் உண்டு. பல எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது. ஆனால் 'ஔவையார்' என்று தேடினால் அந்தப் பக்கம் அகப்படாது. இதைத் திருத்தும்போது 'அனைத்தையும் மாற்று' என்று கொடுத்துவிடாதீர்கள். 'ஒளி', 'தெளிவு', 'வெள்ளம்' எல்லாம் சேர்ந்து கெட்டுப்போகும். ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.