சட்டம் போட்டு மாட்டிய சான்றிதழும் நான் செய்த தவறுகளும்

அக்குபங்சர் படித்து முடித்தவர்கள் சிலர் என்னிடம் தொழில் பழக வருவார்கள். ஊசியைச் சுத்தமாக வைப்பது, கை கழுவுவது எல்லாம் பாடத்திலேயே இருக்கிறது, நான் சொல்ல வேண்டாம். நான் செய்து தொலைத்ததையே அவர்களும் செய்யும்போதுதான் வாய் சும்மா இருப்பதில்லை.

பட்டம் வந்ததும் கேள்வி நின்றுபோவது

நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது, என் மேல்தான். ஊசி குத்தும் 361 புள்ளிகளையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தேர்வில் நல்ல மதிப்பெண். முதல் வருடமே முதுகுவலியோடு ஒருவர் வந்தார். "படுத்தாத்தான் அதிகமா வலிக்குது, சட்டையெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு" என்றார். நான் புள்ளியை மாற்றினேன். அடுத்த வாரம் மறுபடி மாற்றினேன். இப்படியே ஆறு வாரம்! ஓய்விலும் அடங்காத இரவு வலி, காரணமில்லாத எடை இழப்பு: இரண்டும் சேர்ந்தால் ஊசியைக் கீழே வைத்துவிட்டு உடனே பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். முதுகெலும்புக் காசநோய் என்று வேறொரு மருத்துவர் கண்டுபிடித்தார், கால் மரத்துப்போன பிறகு. எங்கே குத்த வேண்டும் என்று பக்கம் பக்கமாகக் கேட்ட தேர்வுத்தாளில், எப்போது குத்தக் கூடாது என்று ஒரு கேள்விகூட இல்லை.

"உங்களது டிப்ளமா, எங்களது பட்டம்" என்று ஒரு பையன் சிரித்தான். அவனுக்கு பெல்ஜியம் கதையைச் சொன்னேன். 1990களின் தொடக்கத்தில் அங்கே உடல் இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. எழுதிக்கொடுத்தவர்கள் முறையாகப் படித்த மருத்துவர்கள். சீனத்தில் இரண்டு செடிகளுக்கும் 'ஃபாங்ஜி' என்றே பெயர்; ஸ்டெஃபானியா இருக்க வேண்டிய இடத்தில் நஞ்சுள்ள அரிஸ்டோலோக்கியா வந்துவிட்டது. பையன் அப்புறம் சிரிக்கவில்லை.

சாப்பிடும் மருந்துகளைக் கேட்காதது

கேளுங்கள். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, கருத்தடை மாத்திரையையும் ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் வார்ஃபரினையும் வலுவிழக்கச் செய்யும். அப்பாவி அதிமதுரம்கூட அளவு மீறினால் ரத்த அழுத்தத்தை ஏற்றும்.

நெஞ்சில் ஆழமாகக் குத்துவது

உள்ளே நுரையீரல் இருக்கிறது.

"படிப்பே தேவையில்லை, கைராசி போதும்"

பட்டத்தோடு கேள்வியை நிறுத்துவதைவிட இது மோசம். எந்த ஆழத்தில் நுரையீரல் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தப் படிப்புதான். அதனால் பழக வருபவரிடம் சான்றிதழைக் கட்டாயம் கேட்பேன். பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்ததும் அடுத்த கேள்வி: "கடைசியாக யாரை, எதற்காக, வேறு மருத்துவரிடம் அனுப்பினீர்கள்?"

பாதிப் பேர் யோசிக்கிறார்கள்.