பழைய மஸில் கார் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மஸில் கார், அதாவது நடுத்தர அளவு உடலில் பெரிய வி8 எஞ்சின் வைத்த பழைய அமெரிக்க கார், வாங்கத் துடிப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் முதலில் வந்து விழுவது குதிரைத்திறன் கணக்குதான். கிரைஸ்லரின் 426 ஹெமி எஞ்சினுக்கு 425, 1970 செவர்லே செவெல் காரின் எஸ்எஸ் 454 பதிப்பில் வந்த எல்எஸ்6 எஞ்சினுக்கு 450. முதல் தவறும் அங்கேயே நடந்துவிடுகிறது. 1971 வரை அமெரிக்க நிறுவனங்கள் விளம்பரத்தில் போட்டவை ‘கிராஸ்’ எண்கள். எஞ்சினைத் தனியே ஸ்டாண்டில் பொருத்தி, ஆல்டர்னேட்டர், ஏர் ஃபில்டர், வண்டியின் சைலன்சர் ஆகியவற்றின் சுமை இல்லாமல் அளந்தவை. எல்லாவற்றையும் மாட்டிய நிலையில் அளக்கும் ‘நெட்’ கணக்கு 1972-இல்தான் பரவலாக நடைமுறைக்கு வந்தது. 1971-இல் ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டையும் சேர்த்தே வெளியிட்டது. செவெலின் எல்எஸ்5 எஞ்சினுக்குக் கிராஸ் 365, நெட் 285. எஞ்சின் ஒன்றுதான், அளந்த விதம் மட்டும் வேறு.

ஆகவே பழைய 365-ஐ இன்றைய காரின் 365-உடன் ஒப்பிடுவது பொருந்தாது. 1972 வண்டிகளை வலுவிழந்தவை என்று ஒரேயடியாக ஒதுக்குவதும் சரியல்ல. ஈயம் குறைந்த பெட்ரோலுக்காக 1971-இல் அழுத்த விகிதத்தை (சிலிண்டருக்குள் பெட்ரோல்-காற்றுக் கலவையை அழுக்கும் அளவை) குறைத்ததால் உண்மையிலேயே கொஞ்சம் வலு போனது. மீதி காகிதத்தில் மட்டுமே போனது.

இந்த வண்டிகளின் ஈர்ப்பு எங்கே இருக்கிறது என்று தெரிய 1970 பியூக் ஜிஎஸ் 455-ஐப் பார்க்கலாம். குதிரைத்திறன் 350 என்று அடக்கமாகத்தான் போட்டிருந்தார்கள். வண்டியை இழுக்கும் சுழற்று வலுவான முறுக்குவிசையோ 510 பவுண்டு-அடி, சுமார் 690 நியூட்டன் மீட்டர். கிராஸ் கணக்குதான் என்றாலும், அது நிமிடத்துக்கு வெறும் 2800 சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது. ஏழரை லிட்டர் வி8 எஞ்சினை அலறவிட வேண்டியதே இல்லை. ஆக்சிலரேட்டரில் கால் பட்டதும் முதுகு சீட்டில் பதிகிறது. அந்தப் பிக்கப்புக்குத்தான் இத்தனை ஆண்டுகளாக ஆட்கள் மயங்குகிறார்கள். விற்பவரிடம் குதிரைத்திறனைக் கேட்பதற்கு முன் முறுக்குவிசை எவ்வளவு, எத்தனை சுற்றில் என்று கேளுங்கள்.

பேட்ஜை நம்பிப் பணம் கொடுப்பது

நடுத்தர அளவு கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்பது அன்றைய ஜெனரல் மோட்டார்ஸின் உள்விதி. பான்டியாக் பிரிவில் இருந்த ஜான் டெலோரியனும் சக பொறியாளர்களும் 389 கன அங்குல எஞ்சினைத் தனி மாடலில் வைக்காமல், 1964 டெம்பெஸ்ட் லெ மான்ஸ் காருக்கான கூடுதல் ஆப்ஷனாக வைத்து அந்த விதிக்குப் பிடிகொடுக்காமல் தப்பினார்கள். ஜிடிஓ பிறந்தது அப்படித்தான். சாதாரண வண்டியில் பெரிய எஞ்சின் என்ற அதே யோசனைதான் பிற்காலத்தில் போலி செய்கிறவர்களுக்கும் வசதியாகிவிட்டது. சாதா லெ மான்ஸில் ஜிடிஓவின் பேட்ஜையும் பானட்டையும் மாட்டிவிட்டால் வெளியிலிருந்து கண்டுபிடிப்பது கடினம்.

1966 முதல் 1971 வரையிலான ஜிடிஓவின் வண்டி அடையாள எண் (VIN) 242 என்று தொடங்கும். 1964, 1965 வண்டிகளுக்கு இந்த வழி உதவாது. தொழிற்சாலையின் பழைய பில்லிங் பதிவின் நகலை வாங்கித்தான் தீர வேண்டும். 1970 டாட்ஜ், பிளிமத் வண்டிகளில் அடையாள எண்ணின் ஐந்தாவது எழுத்து ‘ஆர்’ என்றால் ஹெமி. செவெலில் 1969, 1970 ஆண்டுகளில் எஸ்எஸ் வெறும் ஆப்ஷன் என்பதால் அடையாள எண் அதைச் சொல்லாது. பின்சீட்டின் ஸ்பிரிங்குகளுக்கு இடையிலோ பெட்ரோல் டேங்கின் மேலேயோ கிடைக்கும், வண்டியில் என்னென்ன பொருத்த வேண்டும் என்று பட்டியலிட்ட தொழிற்சாலைத் தாள்தான் நல்ல சாட்சி.

எஞ்சின் மாற்றப்படாதது என்று சொன்னால், செவர்லேயின் வலப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் எண் குத்தியிருக்கும் சின்னத் திட்டை டார்ச் அடித்துப் பாருங்கள். தொழிற்சாலையில் இயந்திரத்தால் சீவியபோது விழுந்த மெல்லிய இணைகோடுகள் எண்களுக்கு அடியில் ஓட வேண்டும். தேய்த்து வழவழப்பாக்கிப் புதிதாக எண் குத்தியிருந்தால் அந்தக் கோடுகள் இருக்காது. அதோடு, பிளாக்கில் வார்ப்பிலேயே பதிந்திருக்கும் தேதி கார் தயாரான தேதிக்கு முந்தியதாக இருக்க வேண்டும்.

துருவைப் பற்றி எல்லோரும் எச்சரிப்பதால் நீட்டவில்லை. பின்கண்ணாடியின் அடிவிளிம்பு, வினைல் கூரைக்கு அடியில், டிக்கியின் தரை, பின்சக்கர வளைவு: இந்த இடங்களில் மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி பூசி பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

எஞ்சினைக் கெடுக்கும் ஆசைகள்

என்னை மிகவும் வருத்தும் தவறு இது. நின்றபடி ஐட்லிங்கில் தடதடக்கும் அந்த ஒலிக்காகவே பெரிய கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் மேடுகள் கொண்ட தண்டு) மாட்டுகிறார்கள். அப்படிப்பட்ட கேமில் வால்வுகள் அதிக நேரம் திறந்திருக்கும். அதனால் குறைந்த சுற்றில் இழுக்கும் வலு போய், வலு முழுவதும் மேல் சுற்றுகளுக்கு நகர்ந்துவிடுகிறது. எந்தப் பிக்கப்புக்காக வண்டி வாங்கினோமோ அதையே காசு கொடுத்துத் தொலைக்கிறோம். எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் இன்டேக் வெற்றிடமும் குறைவதால், அதை நம்பி இயங்கும் பவர் பிரேக் கல்லாய் இறுகிவிடும்.

இந்த எஞ்சின்களில் பெரும்பாலானவற்றில், கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் லிஃப்டரின் அடிப்பாகம் கேமின் மேடுமீது நேராக உரசுகிறது. மேடு மிக லேசாகச் சரிந்தும் லிஃப்டரின் அடி மிக லேசாகக் குவிந்தும் இருப்பதால், லிஃப்டர் சுழன்றபடியே ஏறி இறங்கும். அந்த உரசலைத் தாங்க ஆயிலில் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம் போதிய அளவு வேண்டும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் காப்பதற்காக இன்றைய கார் ஆயில்களில் அதைக் குறைத்துவிட்டார்கள். கடையில் விலை அதிகமான ஆயிலாகப் பார்த்து ஊற்றினால் கேம் தேயும். தேய்ந்த இரும்புத்தூள் பேரிங்குகளுக்குப் போகும். பழைய எஞ்சின்களுக்கென்றே விற்கும் ஆயிலை வாங்குங்கள். புதுக் கேம் போட்டால், ஸ்டார்ட் ஆனதும் ஐட்லிங்கில் விடாமல் முதல் இருபது நிமிடங்களுக்குச் சுமார் 2000 சுற்றுக்கு மேலேயே ஓட விடுங்கள்.

எஞ்சினுக்குச் செலவழித்துவிட்டுப் பிரேக்கை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்காதீர்கள். பல வண்டிகள் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்குடன் வந்தவை. வேகத்தில் ஒருமுறை அழுத்தி நிறுத்தினால் நிற்கும். சூடேறியபின் அடுத்த முறை பெடல் ஏமாற்றும். 1964 முதல் 1966 வரையிலான ஜிடிஓவில், பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே அறை. எந்தச் சக்கரத்தில் கசிந்தாலும் நான்குக்கும் பிரேக் போய்விடும். இரட்டை அறை சிலிண்டருக்கு மாற்றுவதும் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் போடுவதும் பழைமைக்கு இழுக்கு என்று சிலர் வாதிடுவார்கள். சாலையில் ஓட்டுகிற வண்டியென்றால் அந்த வாதத்தைக் கேட்க வேண்டியதில்லை. டயரில் பட்டன் தேயாமல் புதிதுபோல் இருந்தாலும், பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள். 2314 என்றிருந்தால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. அவ்வளவு பழைய டயரைக் கழற்றிவிட்டுப் புது டயரின் விலையைப் பேரத்தில் கழித்துக்கொள்ளுங்கள்.