பட்டாளத்துல இருக்கிறவங்க ஓட்டு போடுறது எப்படி?

என் தம்பி ஆர்மில சேர்ந்தப்புறம் வந்த முதல் எலெக்‌ஷன்ல வீட்ல எல்லாருக்கும் பூத் ஸ்லிப் வந்துச்சு, அவனுக்கு மட்டும் வரல, அம்மா பதறிப்போய்ட்டாங்க. அதுல பயப்பட ஒண்ணுமில்ல. சர்வீஸ்ல இருக்கிறவங்க பேரு வாக்காளர் பட்டியலோட கடைசி பாகத்துல தனியா இருக்கும், அட்டையும் தரமாட்டாங்க.

முதல்ல பேரு சேர்க்கணும். முப்படை, பிஎஸ்எஃப், சிஆர்பிஎஃப் மாதிரி படைன்னா ஃபார்ம் 2, வெளி மாநிலத்துல டூட்டி பாக்குற நம்ம ஆயுதப்படை போலீஸ்னா 2ஏ. அட்ரஸ்ல கேம்ப் பேரை எழுதாதீங்க, சொந்த ஊர்தான். யூனிட்லயே வாங்கி ரெக்கார்ட் ஆபீஸ் சரிபார்த்து அனுப்பிடுவாங்க. ஊர்ல ஏற்கனவே சாதா வாக்காளரா பேரு இருந்தா அதை நீக்கணும், ரெண்டு இடத்துல இருக்கக்கூடாது. கூடவே தங்கியிருக்கிற மனைவியும் சேரலாம், 2021ல சட்டத்தை மாத்தினதால இப்ப கணவரும் சேரலாம், இது எப்பவோ வந்திருக்கணும்.

அடுத்தது ஓட்டுச்சீட்டு. முன்னாடி தபால்லயே வந்து தபால்லயே போகணும், பார்டர் போஸ்ட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள எண்ணியே முடிச்சிருவாங்க. 2016ல புதுச்சேரி நெல்லித்தோப்பு இடைத்தேர்தல்ல முதல் தடவையா ஆன்லைன்ல அனுப்பினாங்க. இப்ப வேட்பாளர் பட்டியல் முடிவானதும் யூனிட்ல டவுன்லோட் பண்ணி பிரிண்ட் எடுத்து கையில குடுத்துருவாங்க, ஆனா திரும்பிப் போறது இன்னும் தபால்தான்.

இங்கதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க, நிதானமா பண்ணுங்க. பிடிச்ச வேட்பாளர் பேருக்கு நேரா டிக் இல்லன்னா க்ராஸ், ஒண்ணே ஒண்ணு. சீட்டுல கையெழுத்து போடவே கூடாது. சீட்டை மட்டும் சின்ன கவர்ல வெச்சு ஒட்டுங்க. 13ஏன்னு ஒரு உறுதிமொழி பேப்பர் இருக்கும், அதுல சீட்டு நம்பரை சரியா எழுதி, ஆபீசர் முன்னாடி கையெழுத்து போட்டு அவர் சான்றும் வாங்கணும். அந்த பேப்பரை சின்ன கவருக்குள்ள போட்டுடாதீங்க, சின்ன கவரையும் அதையும் சேர்த்து பெரிய கவர்ல போடணும். ஸ்டாம்ப் தேவையில்ல. எண்ணிக்கை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி போய் சேரணும், அதனால சீட்டு கைக்கு வந்த அன்னைக்கே அனுப்பிடுங்க. என் தம்பி அந்த சான்று வாங்காமலே போஸ்ட் பண்ணிட்டு ரெண்டு நாள் கழிச்சு போன்ல சொன்னான், எனக்கு மனசே ஆறல. ஒரு ஓட்டு அப்படியே வீணா போச்சு.

தபாலே சரிப்படாதுன்னா ப்ராக்சி இருக்கு, அதாவது உங்களுக்கு பதிலா ஊர்ல இன்னொருத்தர் பூத்துக்குப் போய் உங்க ஓட்டைப் போடுறது. 2003ல வந்தது, முப்படைக்கும் ஆர்மி சட்டம் பொருந்துற படைகளுக்கும் மட்டும். அதே தொகுதியில குடியிருக்கிற 18 வயசு தாண்டின ஒருத்தரை ஃபார்ம் 13எஃப்ல நியமிக்கணும். நீங்க கமாண்டிங் ஆபீசர் முன்னாடி கையெழுத்து போட்டு ஊருக்கு அனுப்புங்க, நீங்க நியமிச்சவர் நோட்டரி முன்னாடி கையெழுத்து போட்டு தேர்தல் அதிகாரிகிட்ட குடுக்கணும், வேட்புமனு கடைசி தேதிக்குள்ள. ப்ராக்சி வெச்சா தபால் சீட்டு வராது.

தம்பி அடுத்த தடவை அப்பாவை வெச்சான். ப்ராக்சி ஓட்டுக்கு இடது கை நடுவிரல்ல மை வைப்பாங்க. அப்பா ஆள்காட்டி விரல்ல ஒண்ணு, நடுவிரல்ல ஒண்ணுன்னு கையை விரிச்சு போட்டோ எடுக்கச் சொல்லி அவனுக்கு அனுப்பினார்.