மில்லுக்காரங்களோட விஆர்ல சேந்து வேலை பாக்கணும்னா எங்க ஆரம்பிக்கணும்

மொரிஷியஸ்ல இஞ்சினியரிங் படிக்கிற பசங்களுக்கு கரும்பு மில்ல சரியா பாக்க வாய்ப்பு கிடைக்கிறதே கஷ்டம். ஜூன்ல இருந்து டிசம்பர் வரைக்கும் கூப், அதாவது கரும்பு வெட்டுற சீசன், மில்லு ராப்பகலா ஓடும், கிட்ட போனாலும் மூடி போட்ட இரும்புதான் தெரியும். ரெண்டு சீசனுக்கு நடுவுல வர்ற ஆந்த்ரெகூப்ல எல்லாத்தையும் பிரிச்சு போடுவாங்க, உள்ள இருக்கிறது அப்பதான் கண்ணுல படும், ஆனா ஃபிட்டருங்களுக்கு அப்ப தலைக்கு மேல வேலை. பிரிச்சு கிடக்குறப்பவே ஸ்கேன் எடுத்து வச்சுட்டா வருஷம் பூரா ரெண்டு தரப்பும் ஒரே ரோலர் முன்னாடி நின்னு பேசலாம், விஆர், அதாவது கண்ணுல ஹெட்செட் மாட்டி கம்ப்யூட்டர் காட்டுற இடத்துக்குள்ளயே நிக்கிற மாதிரி பாக்குறது, உண்மையிலேயே உதவுறது இங்கதான்.

ஹெட்செட் வாங்குறதுல இருந்து ஆரம்பிக்காதீங்க. மொதல்ல மில்லுக்கு போய் ஃபிட்டருங்ககிட்ட எந்த வேலை வருஷா வருஷம் தலைவலி குடுக்குதுன்னு கேளுங்க, ஒண்ணே ஒண்ண எடுங்க. நாங்க எடுத்தது ட்ராஷ் பிளேட். மூணு ரோலர் மில்லுல மேல் ரோலருக்கு அடியில பகாஸ, அதாவது பிழிஞ்ச கரும்பு சக்கைய, தாங்கி அடுத்த ரோலருக்கு தள்ளி விடுற தகடு அது, ரொம்ப மேல வச்சா பவர் இழுக்கும், ரொம்ப கீழ வச்சா பகாஸ் ஒழுங்கா நகராது. மில்லு ஓடுறப்ப அத பாக்கவே முடியாது.

ஸ்கேனுக்கு முன்னாடியே எழுத்துல ஒரு ஒப்பந்தம் போட்டுடுங்க, ஃபைல் யாருக்கு சொந்தம், மாணவர் தீசிஸ்ல எத காட்டலாம்னு. இத நாங்க தள்ளிப்போட்டு, முடிச்ச மாடல வெளிய காட்டவே முடியாம ஒரு செமஸ்டர் போச்சு, அந்த பசங்க முகம் இன்னும் ஞாபகம் இருக்கு.

ஸ்கேனுக்கு மொபைல் போனே போதும், சுத்தி சுத்தி போட்டோ எடுத்து அத 3டி மாடலா மாத்துறதுதான். ஒவ்வொரு போட்டோவுலயும் முன்ன எடுத்ததுல பாதிக்கு மேல திரும்ப தெரியணும். பளபளன்னு இருக்கிற இரும்பும் எண்ணெய் பட்ட இடமும் மாடல்ல ஓட்டை ஓட்டையா வரும், அதனால துடைச்சு, வெயில் நேரா படாத நேரமா எடுங்க. மில்லுல இருந்து கேட் (CAD) டிராயிங், அதாவது கம்ப்யூட்டர்ல வரைஞ்ச மெஷின் படம், குடுத்தா அப்படியே போடாதீங்க, ஒவ்வொரு போல்ட்டோட மரைய கூட வரைஞ்சிருப்பாங்க, ஹெட்செட் திணறும், படம் விட்டு விட்டு வந்தா தலை சுத்தும். பிளெண்டர்ங்கிற 3டி சாஃப்ட்வேர்ல தேவையில்லாதத நீக்கிட்டு ஜிஎல்பி (GLB) ஃபைலா எடுங்க, 3டி மாடல வைக்கிற ஃபைல் வகை அது. அந்த ஃபைல் உங்க கைல இருக்கணும். விஆர்ல கூடிப் பேசுற தளங்கள்ல ஆல்ட்ஸ்பேஸ்விஆர 2023 மார்ச்ல மூடிட்டாங்க, மொசில்லா ஹப்ஸ 2024 மே கடைசில மொசில்லா நிறுத்திடுச்சு, அங்கயே எல்லாத்தையும் வச்சிருந்தவங்க அவசர அவசரமா எடுக்க வேண்டியதாச்சு.

மொத ஆளா ப்ரொஃபசருக்கு போடாதீங்க, ஃபிட்டருக்கு போடுங்க. கண்ணுக்கு நடுவுல இருக்கிற தூரத்துக்கு லென்ஸ சரி பண்ணுங்க, உக்கார வைங்க, கால்மணி நேரம் போதும். கைல பிடிக்கிற கன்ட்ரோலரோட ஸ்டிக்க தள்ளி நடக்க விடாதீங்க, குறிச்ச இடத்துக்கு தாவுற மாதிரி வைங்க. ஏன்னா கண்ணு நகருறேன்னும் உடம்பு சும்மா இருக்கேன்னும் சொல்றப்பதான் குமட்டும். எங்க தோன்தோன், மில்லு ஃபிட்டர் பெரியவர நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம், அஞ்சு நிமிஷத்துலயே எழுந்து நின்னு, ரோலருக்கு அடியில குனிஞ்சு எட்டிப் பாத்துட்டு, பக்கத்துல தெரிஞ்ச கைப்பிடி கம்பில சாயப் போனாரு, அங்க கம்பியே கிடையாது, நான் தோள புடிச்சேன். அதுல இருந்து யாராவது ஒருத்தர் பக்கத்துலயே நிக்கிறது எங்களுக்கு கட்டாயம்.

அடுத்து அவரு சொன்னதுதான் அந்த வருஷத்துக்கே பெரிய பாடம். "சா பா போன்"னாரு, கிரியோல்ல 'இது சரியில்ல'ன்னு அர்த்தம், தகடு இங்க இருக்காதுன்னு கைய நீட்டி காட்டினாரு. டிராயிங்ல இருந்தது புதுசா மாட்டுனப்ப இருந்த அளவு, தேய்ஞ்சப்புறம் அவங்க எப்படி மாத்தி வைக்கிறாங்கங்கிறது எந்த பேப்பர்லயும் இல்ல, அவரு கைலதான் இருந்துச்சு. மாணவி ஒருத்தி அவரு காட்டுன இடத்துல உடனே ஒரு குறி வச்சா. இந்த மாதிரி பேச்சு மொரிஷியஸ்ல பேசுற அந்த கிரியோல்லயே நடக்கட்டும், ரெக்கார்ட் பண்ணிடுங்க, எழுதுறப்ப மொழி மாத்திக்கலாம்.

200-க்கும் மேல மில்லு ஓடின தீவு இது, இப்ப விரல் விட்டு எண்ணிடலாம். பாம்ப்ளமூஸ் பக்கத்துல போ பிளான் மில்லு 1999-ல நின்னு இப்ப மியூசியமா இருக்கு, பசங்கள ஹெட்செட் போடுறதுக்கு முன்னாடி அங்க கூட்டிட்டு போங்க, மெஷினோட உண்மையான சைஸ் மனசுல ஏறும்.

சென்னைல இருந்து யாராவது சேருறாங்கன்னா அவங்க கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடி ஓடும், அதையும் மில்லுல ஷிஃப்ட் முடியுற நேரத்தையும் பாத்து செஷன வைங்க. ஒரு செஷனுக்கு ஆறு பேருக்கு மேல வேணாம். அடுத்த ஆந்த்ரெகூப்ல அதே தகட மறுபடி ஸ்கேன் எடுத்து, ஃபைல் பேர்ல தேதி போட்டு, பழசு பக்கத்துலயே வைங்க.